வகுத்தால் தடை, பெருக்கினால் திறன்

தேர்வு நாட்களில் காலை வேளையில் பழவங்காடிப் பிள்ளையார் கோயில் முன்னே சிறிது நேரம் நின்று பாருங்கள். நம் மாணவர்களின் பக்தி நன்கு விளங்கும். தேங்காய்கள் சிதறிய வண்ணம் இருக்கும். இயற்பியல் மாணவரும் உடைப்பார். இலக்கிய மாணவரும் உடைப்பார். அதனை நான் குறை கூற வரவில்லை. நானும் உடைத்தவனே. ஆனால் அக்கோயிலிலிருந்து சில நிமிட நடையில் ஒரு சாலை உண்டு. பவர் ஹவுஸ் ரோடு என்பது அதன் பெயர். திருவனந்தபுரம் நகருக்கு மின்சாரம் வந்தது 1929-இல். அந்நாளைய மின் நிலையத்தின் பெயரையே அச்சாலை இன்றும் சுமந்து நிற்கிறது. நாள்தோறும் அவ்வழியே நடக்கிறோம். அந்தப் பெயர் நினைவூட்டும் பாடத்தை மட்டும் தேர்வு மண்டபத்திலேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறோம். என் குறை இதுதான்.

வெறும் குறையன்று, பட்டறிந்த குறை. சென்ற மழைக்காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பழவங்காடிக்கு அருகே ஒரு சந்தில், பழைய வீடு ஒன்றின் மாடியறையில், நாங்கள் நால்வர் வாடகைக்கு இருந்தோம். அறைக்கு ஒரே ஒரு பிளக் பாயிண்ட். அதுவும் சிறியது, 6 ஆம்பியருக்கு உரியது. அதிலிருந்து ஓர் எக்ஸ்டென்ஷன் பெட்டி. அந்தப் பெட்டியில் தேநீருக்கு 1500 வாட் கெட்டில். சட்டைக்கு 1000 வாட் இஸ்திரிப் பெட்டி. கைப்பேசிகளைக் கணக்கில் சேர்க்கவில்லை.

நால்வரில் ஒருவர் இயற்பியல் முதுகலை மாணவர். உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஓம் விதியைப் பிழையின்றிச் சொல்வார். நானோ தமிழ் இலக்கியம் படிப்பவன். அவ்விதியைப் பள்ளியிறுதித் தேர்வோடு வழியனுப்பி வைத்தவன். ஆயினும் அந்தப் பெட்டியைப் பொறுத்தவரையில் எங்கள் இருவர் அறிவும் ஒரே அளவாகத்தான் இருந்தது.

ஒரு நாள் காலை, கல்லூரிக்கு நேரமாகிவிட்டது. ஈரம் காயாத சட்டையை ஒருவர் தேய்க்க, மற்றொருவர் தண்ணீர் கொதிக்க வைத்தார். சற்று நேரத்தில் பிளாஸ்டிக் கருகும் நாற்றம். பிளக் பழுப்பேறி உருகிச் சாக்கெட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் தொங்கிய துண்டின் ஓரம் கருகியிருந்தது. நல்ல வேளையாக நால்வரும் விழித்திருந்தோம். ஓடிப்போய் மெயினை அணைத்தோம். ஃபியூஸ் ஏன் போகவில்லை என்று வியந்து ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிப் பார்த்தால், மெல்லிய ஃபியூஸ் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் முறுக்கிச் சுற்றிய பருமனான செப்புக் கம்பி! எங்களுக்கு முன்னே குடியிருந்த யாரோ ஒரு புண்ணியவான் செய்த உதவி. அதைப் பாராமல் குடியேறிய குற்றம் எங்களுடையது.

அன்று மாலை நண்பர் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. நம் வீடுகளுக்கு வரும் மின்னழுத்தம் 230 வோல்ட். 1500 வாட்டை 230-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 6.5 ஆம்பியர். கெட்டில் ஒன்றே அந்தச் சிறிய சாக்கெட்டின் எல்லையைத் தாண்டிவிட்டது. இஸ்திரிப் பெட்டிக்கு 4.3 ஆம்பியருக்குச் சற்று மேல். இரண்டும் சேர்ந்து கிட்டத்தட்ட 11 ஆம்பியர். ஆறு பேர் ஏறத்தக்க படகில் பதினொருவரை ஏற்றிக்கொண்டு மூன்று மாதம் பயணம் செய்திருக்கிறோம்!

இரண்டு நிமிடக் கணக்கு. அதனை மூன்று மாதமாக ஏன் போடவில்லை? இக்கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை. சூத்திரம் தெரியாமையா? இல்லை. மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் அறிந்தால் போதும். வகுத்தால் தடை, பெருக்கினால் திறன். இதைவிட எளிய விதி பள்ளிப் புத்தகத்தில் வேறு எது? பத்தாம் வகுப்பைக் கடந்த எவரும் அறிந்ததே. அறிந்தும் அது எங்கள் சுவரில் இருக்கும் சாக்கெட்டைப் பற்றியது என்று எங்களுக்குத் தோன்றவில்லை. பாடம் வேறு, அறை வேறு என்று மனத்திற்குள் ஒரு சுவர் எழுப்பி வைத்திருந்தோம்.

அந்தச் சுவரை இடிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஆனால் 'அறிவியலை வாழ்க்கையோடு இணைப்போம்' என்று முழங்கிவிட்டு அமர்வதில் பயனில்லை. இணைக்கும்போது ஓர் இடறல் வருகிறது. அதையும் பார்க்கத்தான் வேண்டும்.

நண்பர் கணக்கை முடித்ததும் நான் ஓர் ஐயம் எழுப்பினேன். "பிளக் மட்டும் ஏன் உருகியது? அதே மின்னோட்டம்தானே சுவருக்குள் இருக்கும் கம்பியிலும் ஓடியது?" அவர் உடனே, "இணைப்பு தளர்ந்திருந்தது, அங்கே தடை அதிகம், தடை அதிகமானால் வெப்பம் அதிகம்" என்றார். நான் விடவில்லை. "சற்று முன்புதானே, தடை குறைந்தால் திறன் கூடும், 1500 வாட் கெட்டிலின் தடை 35 ஓம், 1000 வாட் இஸ்திரிப் பெட்டியின் தடை 53 ஓம் என்று எழுதிக் காட்டினீர்? இப்போது தடை கூடினால் வெப்பம் கூடும் என்கிறீரே! எது உண்மை?" நண்பர் பேனாவைக் கீழே வைத்தார். முதல் வகுப்பில் தேறியவர் ஒரு நாழிகை மௌனமானார்.

இது அவருடைய குறையன்று. நம்மில் பெரும்பாலோர் இந்த இடத்தில் மௌனம்தான் ஆவோம். 'ஐ ஸ்கொயர் ஆர்' என்கிறது ஒரு சூத்திரம். தடை கூடினால் வெப்பம் கூடும் என்பது அதன் பொருள். 'வி ஸ்கொயர் பை ஆர்' என்கிறது மற்றொன்று. தடை கூடினால் வெப்பம் குறையும் என்பது அதன் பொருள். இரண்டும் ஒரே விதியின் பிள்ளைகள். பிள்ளைகள் சண்டையிடுவதுபோல் தோன்றுகிறது. உண்மையில் சண்டை இல்லை. எது மாறாமல் நிற்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைத்தான் நாம் கேட்பதில்லை.

கெட்டிலை எடுத்துக்கொள்வோம். அதன் இரு முனைகளிலும் நிற்கும் அழுத்தம் 230 வோல்ட். அது வீட்டு மின்தடத்தால் வருவது. கெட்டிலால் பெரிதாக மாறுவதன்று. ஆகவே அங்கே தடை குறையக் குறைய மின்னோட்டம் பெருகும், வெப்பமும் பெருகும். தளர்ந்த பிளக்கின் நிலை வேறு. அது கெட்டிலுக்கு முன்னே வழியில் நிற்கும் சிறு தடை. அவ்வழியே எவ்வளவு மின்னோட்டம் ஓட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது கெட்டிலின் 35 ஓம். பிளக்கின் அரை ஓம் அன்று. ஆகவே பிளக்குக்கு மாறாமல் நிற்பது மின்னோட்டம். அங்கே தடை கூடக் கூட வெப்பம் கூடும். கெட்டிலுக்கு ஒரு சூத்திரம், பிளக்குக்கு மற்றொரு சூத்திரம் என்பதன்று. இடத்தை அறிந்து விதியைக் கையாளுதல் என்பதே.

தளர்ந்த இணைப்பில் அரை ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொண்டு கணக்கிட்டோம். கெட்டில் மட்டும் ஓடும்போது அவ்விடத்தில் பிறக்கும் வெப்பம் சுமார் 21 வாட். வானொலிப் பெட்டி பழுது பார்ப்பவர் ஈயம் பற்றவைக்கும் கோல் 25 வாட். ஏறத்தாழ அத்தகைய கோல் ஒன்றைப் பிளக்கினுள்ளே செருகி வைத்ததற்கு ஒப்பாகும் இது! இஸ்திரிப் பெட்டியும் சேர்ந்தபோது 56 வாட். மின்னோட்டம் இருமடங்குகூட ஆகவில்லை. வெப்பமோ இரண்டரை மடங்கைத் தாண்டிவிட்டது. வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று நாம் எழுதி மதிப்பெண் வாங்கிய வாக்கியத்தின் பொருள், உருகிய அந்தப் பிளக்கில் எழுதப்பட்டிருந்தது. சூடேறிய உலோகம் காற்றுப்பட்டுக் கறுக்கும். கறுத்தால் தடை ஏறும். தடை ஏறினால் மேலும் சூடேறும். தீமை தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் வழி அது.

இக்கணக்கு ஏதோ வாடகை அறைக்கு மட்டும் உரியது என்று எண்ணிவிட வேண்டா. மூணாற்றுக்கு அருகில் உள்ள பள்ளிவாசலில் 1940-இல் நீர்மின் நிலையம் தொடங்கியபோது, திருவிதாங்கூரின் பொறியாளர்கள் முன்னே நின்றதும் இதே வினாதான். மலையில் பிறந்த மின்சாரத்தைத் தொலைவில் உள்ள ஊர்களுக்கு வழியில் வீணாக்காமல் கொண்டுசெல்வது எங்ஙனம்? ஆயிரம் கிலோவாட்டை 230 வோல்ட்டிலேயே அனுப்ப முயன்றால், மும்முனை மின்சாரத்தின் நுணுக்கங்களை ஒதுக்கிக் கணக்கிட்டாலும், 4,348 ஆம்பியர் வேண்டும். அதையே 66,000 வோல்ட்டுக்கு உயர்த்தினால் 15 ஆம்பியர் போதும். ஒரே கம்பியில் இவ்விரு முறைகளிலும் வீணாகும் வெப்பத்தை ஒப்பிட்டால், ஒன்று மற்றொன்றைப் போல் சுமார் 82 ஆயிரம் மடங்கு! மலைமேல் நடந்து செல்லும் உயர்ந்த கோபுரங்களைப் பேருந்தின் சாளரம் வழியே பார்க்கும்போதெல்லாம் இந்த எண் எனக்கு நினைவுக்கு வருகிறது. கம்பியின் தடையை ஒழிக்க முடியாது. ஆதலால் மின்னோட்டத்தைக் குறைத்தார்கள். அறையிலும் அதே அறிவுதான் வேண்டும்.

இவ்விதியைக் கண்டவரும் தேர்வுக்காகக் கண்டவரல்லர். ஜார்ஜ் சைமன் ஓம் ஜெர்மனியில் ஒரு பூட்டுத் தொழிலாளியின் மகன், பள்ளி ஆசிரியர். வெவ்வேறு நீளமும் பருமனும் உள்ள கம்பிகளைத் தாமே சோதித்து அளந்து 1827-இல் தம் முடிவை நூலாக வெளியிட்டார். அன்று அவருடைய நாட்டு அறிஞர் பலர் அதனை மதிக்கவில்லை. இலண்டன் ராயல் கழகம் காப்ளி பதக்கம் தந்து பெருமைப்படுத்தியது 1841-இல்தான். அதே 1841-இல் ஜேம்ஸ் ஜூல், மின்னோட்டத்தின் வர்க்கத்தையும் தடையையும் பொறுத்தே வெப்பம் பிறக்கிறது என்பதை வெளியிட்டார். அவர் மது வடிக்கும் ஆலை நடத்திய குடும்பத்தில் பிறந்தவர். ஒருவர் பள்ளிக்கூடத்தில், ஒருவர் ஆலையில்! கையால் அளந்து கண்டவற்றை நாம் வாயால் மட்டும் ஓதிக்கொண்டிருக்கிறோம்.

அளந்து பார்ப்பவனுக்கு மற்றோர் உண்மையும் புலப்படும்: எல்லாப் பொருளும் இவ்விதிக்கு ஒரே மாதிரி பணிவதில்லை. 60 வாட் பழைய இழைப் பல்பின் தடை, கணக்கின்படி 882 ஓம். மல்ட்டிமீட்டரை வைத்து அளந்தால் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே காட்டும். மீட்டர் பொய் சொல்கிறதா? இல்லை. இழை வெண்சூட்டில் எரியும்போதுதான் அதன் தடை 882. குளிர்ந்திருக்கையில் மிகக் குறைவு. ஸ்விட்சைப் போட்ட நொடியில் பெருமளவு மின்னோட்டம் பாய்வதால்தான் பல்புகள் பெரும்பாலும் அந்த நொடியில் உயிர் விட்டன. மின்விசிறியிலோ வேறு நுணுக்கம். அங்கே வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வருவது முழுதும் வாட் ஆகாது. வகுத்தால் வருவது கம்பியின் தடையும் ஆகாது. மாறுதிசை மின்னோட்டமும் சுருளின் காந்தமும் குறுக்கே நிற்கின்றன. ஆகவே கெட்டில், இஸ்திரிப் பெட்டி, ஹீட்டர் ஆகியவற்றில் இக்கணக்கை அப்படியே போடலாம். மோட்டார் உள்ளவற்றில் விழிப்போடு போட வேண்டும்.

இனி, உயிரைப் பற்றிய கணக்கு ஒன்று. "ஃபியூஸ் இருக்கிறதே, எம்.சி.பி. இருக்கிறதே, என்ன ஆகிவிடும்?" என்பார் பலர். நனைந்த உடம்பின் தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கக்கூடும். 230 வோல்ட்டை ஆயிரத்தால் வகுத்தால் 0.23 ஆம்பியர். 6 ஆம்பியர் ஃபியூஸ் அதனைக் கவனிக்கவே கவனிக்காது. ஆனால் இதயத்தின் துடிப்பை நிலைகுலையச் செய்ய அந்தக் கால் ஆம்பியரே தாராளம். ஃபியூஸ் காப்பது கம்பியை, மனிதனையன்று. மனிதனைக் காக்கும் கருவி வேறு. மின்கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டுமுன்னரே மின்சாரத்தைத் துண்டிப்பது அது. உங்கள் அறையில் அது இருக்கிறதா? குளியலறை ஹீட்டருக்கு எர்த் இருக்கிறதா? வாடகையும் முன்பணமும் பேசும்போது இவ்விரண்டையும் கேட்ட மாணவர் நம்மில் எத்தனை பேர்? தண்ணீர் வருமா என்று கேட்கிறோம். பேருந்து நிற்குமா என்று கேட்கிறோம். இதைக் கேட்பதில்லை.

"இதெல்லாம் எலக்ட்ரீஷியன் வேலை, நமக்கெதற்கு?" என்று சிலர் கூறுவர். வயரிங் செய்வது அவர் வேலைதான். அதில் நாம் கை வைக்கவே கூடாது. ஆனால் எந்தப் பொருளை எந்தச் சாக்கெட்டில் செருகலாம் என்று முடிவு செய்பவர் அவரல்லர், நாள்தோறும் நாம்தான். அரிசியை அளந்து உலையில் போடச் சமையல் கலைஞர் வர வேண்டுமா?

"தமிழ்ச் சங்க இதழுக்கும் இதற்கும் என்ன உறவு?" என்று வேறு சிலர் கேட்கக்கூடும். உறவு உண்டு. அழுத்தம், ஓட்டம், தடை, திறன் ஆகிய இந்த நான்கு சொற்களையும் பாருங்கள். நீர்த்தொட்டியும் வாய்க்காலும் பார்த்த எந்தத் தமிழருக்கும் இவற்றின் பொருள் பாதி விளங்கிவிடும். அன்று நண்பருடைய மௌனம் கலைந்தது எப்போது தெரியுமா? எழுத்துக்குறிகளை விட்டுவிட்டு, "இங்கே அழுத்தம் நிலையாக நிற்கிறது, அங்கே ஓட்டம் நிலையாக நிற்கிறது" என்று வாய்விட்டுத் தமிழில் சொன்னபோதுதான். குறிகளால் மனப்பாடம் செய்தது, சொல்லால் அறிவாயிற்று. தாய்மொழியில் பிறருக்கு விளக்க முடியாத அறிவு, இன்னும் நம்முடையதாகவில்லை என்றே பொருள். கலைச்சொல் ஆக்குவது மட்டும் தமிழ்த்தொண்டன்று. ஆக்கிய சொல்லை அடுப்படியில் புழங்க விடுவதும் தமிழ்த்தொண்டே. இல்லையேல் 'திறன்' என்பதும் 'ஆற்றல்' என்பதும் அகராதியில் உறங்கும். மின்கட்டணச் சீட்டில் உள்ள 'யூனிட்' எதைக் குறிக்கிறது என்பதை அறியாமலே பணம் கட்டிக்கொண்டிருப்போம். ஆயிரம் வாட் திறன் ஒரு மணி நேரம் உழைத்தால் செலவாகும் ஆற்றலே ஒரு யூனிட். இதனை விடுமுறையில் வீட்டிற்குச் சென்று அன்னைக்குச் சொல்லக்கூடாதா?

ஆதலால் சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். இப்பருவத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்காக ஒதுக்குவோம். இயற்பியல், பொறியியல் மாணவர் ஒருவர். கலைப்பிரிவு மாணவர் ஒருவர். இப்படி இருவர் இருவராக நம் தோழர்களின் அறைகளுக்குச் செல்வோம். எந்த இணைப்பையும் கழற்ற வேண்டியதில்லை. கருவிகளின் மேல் எழுதியுள்ள வாட்டைப் பார்த்து, 230-ஆல் வகுத்து, சாக்கெட்டின் எல்லையோடு ஒப்பிட்டு, ஒரு தாளில் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டுவோம். "இதில் கெட்டிலைச் செருகாதே" என்ற ஒரு வரி போதும். சூடேறும் பிளக்கையும் பழுப்பேறிய சாக்கெட்டையும் கண்டால் வீட்டுக்காரரிடம் நால்வராகச் சேர்ந்து சென்று முறையிட்டு, உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழைக்கச் சொல்வோம். தனியாகச் சென்று கேட்பவனுக்கு, "இஷ்டமில்லையென்றால் காலி செய்" என்பது விடையாக வரும். தாளில் கணக்கோடு நால்வர் சென்றால் விடை வேறாக இருக்கும். எங்கள் அறையில் அப்படித்தான் ஃபியூஸ் கட்டை மாறியது. 16 ஆம்பியர் சாக்கெட்டும் அதற்குத் தக்க பருமனுள்ள கம்பியும் வந்தன.

உருகிய அந்தப் பிளக்கை நாங்கள் எறியவில்லை. அறையின் மாடத்தில், பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். அடுத்த தேர்வுக்கும் பழவங்காடியில் தேங்காய் உடைக்கத்தான் போகிறோம். புறப்படுமுன் கெட்டிலின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போவோம்.